பெயரை விடுங்கள், மாதத்தைச் சொல்லுங்கள்

டீ வருவதற்குள் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். அர்ஜென்டினாவில், பரானா ஆற்றங்கரையில் சான் பெத்ரோ என்று ஓர் ஊர். மயோர்க்காத் தீவிலிருந்து போய்க் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே நிறைய. என்சைமாதா என்கிற சுருள் ரொட்டியை இன்னும் விடாமல் சுடுகிறார்கள். அதற்கென்றே ஊரில் திருவிழாவும் நடத்துகிறார்கள். நம் ஆள் அந்த ஊர்க்காரர். கொள்ளுத்தாத்தா 1890களில் கப்பலேறியவர். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு பேச்சு மட்டும்: தீவில் நம் வீட்டு வாசலில் ஓர் அத்தி நின்றது, அந்த ருசி இங்கே எந்த மரத்திலும் வரவில்லை. அந்த அத்தி எது என்று கண்டுபிடித்துத் தன் கொல்லையில் நட வேண்டும் என்பது இவர் ஆசை.

இவர் என் கற்பனைதான். ஆனால் இதே ஆசையோடு அலைகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சிசிலிக்காரர்களின் பேரன்கள் நியூயார்க்கில், அசோர்ஸ் தீவுக்காரர்களின் பேத்திகள் கலிஃபோர்னியாவில், கிரேக்கத் தீவுக்காரர்கள் மெல்போர்னில். மயோர்க்காவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், தேடலில் வரும் அத்தனை சிக்கலும் அந்த ஒரு தீவில் கிடைக்கிறது.

கொள்ளுத்தாத்தா ஏன் கிளம்பினார் என்பதிலிருந்தே தொடங்கலாம். 1891இல் ஃபைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி மயோர்க்காவின் திராட்சைத் தோட்டங்களுக்குள் புகுந்தது. ஃபெலானிச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒயின் ஏற்றுமதியை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது. கொடிகள் பட்டுப்போயின. கியூபா, புவெர்த்தோ ரிக்கோ, அல்ஜீரியா, அர்ஜென்டினா என்று சனங்கள் சிதறினார்கள். மிஞ்சியவர்கள் திராட்சை நிலத்தில் வாதுமை நட்டார்கள். இந்த வாதுமையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் இது திரும்ப வந்து தொல்லை கொடுக்கும்.

அத்தி என்றதும் ஆற்றோரத்தில் அடிமரத்தோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாகக் காய்க்கும் நம் அத்தியை நினைக்காதீர்கள். அது அண்ணன் தம்பி வகை. நாட்டு மருந்துக்கடையில் தட்டையாக நசுக்கி, கயிற்றில் மாலையாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, சீமை அத்தி, அதுதான் இங்கே பேச்சு. மத்தியதரைக் கடல் நாடுகளில் அதுதான் ஏழையின் பழம். காய்ந்த நிலத்தில் வரும், பாறை இடுக்கில் வரும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

இப்போது நம் ஆள் முதலில் என்ன செய்வார்? பெயரைத் தேடுவார். பாட்டி "போர்திசோட்" என்று சொன்னதாக ஒரு அத்தை நினைவுபடுத்துவார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார். இங்கேதான் நான் கையைப் பிடித்து உட்காரவைப்பேன்.

அத்தியின் பெயரைப் போல நம்ப முடியாத சாட்சி வேறில்லை. போர்திசோட் என்பது மயோர்க்காவில் ஒரு மரம் இல்லை, ஒரு குடும்பம்: வெள்ளைப் போர்திசோட், கறுப்புப் போர்திசோட், பச்சை மஞ்சள் வரி விழுந்த போர்திசோட் என்று கிளைகள் உண்டு. வலென்சியாவுக்குப் பக்கத்தில் புர்ஜசோட் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயர் அங்கிருந்து கிளம்பியது என்கிறார்கள். பிரான்ஸுக்குப் போனதும் அது பூர்ஜசோட் ஆகிவிட்டது. தூலோன் நகரத்துக்கு அருகில் விளையும் சோலியேஸ் அத்திக்கு 2006இல் பிரெஞ்சு அரசு ஊர்ப்பெயர் உரிமை கொடுத்ததே, அந்தப் பழம் கறுப்புப் பூர்ஜசோட்தான். இத்தாலிக்குள் நுழைந்தால் புரோஜொத்தோ. இவை எல்லாம் ஒரே மரமா என்றால், சில ஆம், சில இல்லை. கேட்பவர் தலையில் கை வைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

இன்னொன்று அல்பகோர். மயோர்க்காவில் அது ஒரு ரகத்தின் பெயர். ஆனால் ஸ்பானிய மொழியில் அல்பகோரா என்றால் எந்த மரத்திலும் முதல் பருவத்தில் பழுக்கும் அத்தி. பாட்டி எதைச் சொன்னார்?

கடல் தாண்டினால் குழப்பம் இன்னும் ஏறும். இத்தாலியில் தொத்தாத்தோ என்று பல நூற்றாண்டாக வழங்கும் ரகம் கலிஃபோர்னியாவில் கடோட்டா என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு விற்கிறது. பிரவுன் டர்க்கி என்று இங்கிலாந்தில் விற்கும் மரமும் அதே பெயரில் கலிஃபோர்னியாவில் விற்கும் மரமும் வேறு வேறு. முதலாவதில் ஒரு பழத்துக்கு இரண்டு பெயர், இரண்டாவதில் ஒரு பெயருக்கு இரண்டு பழம். 1955இல் ஐரா காண்டிட் என்ற கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உலகத்து அத்தி ரகங்களைத் தொகுத்து ஒரு நூல் போட்டார். அறுநூறுக்கும் மேற்பட்ட ரகங்கள். அதைப் புரட்டினால் ஒவ்வொரு ரகத்தின் கீழும் மாற்றுப்பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அத்தி தேடுகிறவர்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை நூல். அந்த மாற்றுப்பெயர்ப் பட்டியலே போதும், பெயரை நம்பி இறங்கக் கூடாது என்பதற்கு.

ஆனால் பெயர் மாறினாலும் மரம் மாறுவதில்லை. இதுதான் இந்தத் தேடலுக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை. வாழையில் தாய்க்கட்டையிலிருந்து பக்கக்கன்றைப் பெயர்த்து வைக்கிறோம். அந்தக் கன்று தாயின் பிள்ளை அல்ல, தாயேதான். அத்தியும் அப்படி. ஒரு ரகத்தைக் காப்பாற்ற யாரும் விதை போடுவதில்லை, குச்சியை வெட்டி நடுகிறார்கள். கொள்ளுத்தாத்தா வாசலில் நின்ற மரம் இரண்டாயிரம் வருஷமாகக் கை மாறி வந்த ஒரே உடம்பின் ஒரு துண்டாக இருக்கலாம். ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற கற்கால ஊரில் கருகிக் கிடந்த 9 அத்திப்பழங்களை ஆராய்ந்து, சுமார் 11,400 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் குச்சி வெட்டி அத்தி நட்டிருக்க வேண்டும் என்று 2006இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது காட்டு அத்தியாகவும் இருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நெல், கோதுமையோடு போட்டி போடும் வயது அத்திக்கு இருக்கிறது என்பது போதும்.

விதை போட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். முளைக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி, தின்ன முடியாத ஆண் அத்தியாகப் போகும். மீதியும் தாயைப் போல இருக்காது. அதனால் யாராவது "பாட்டி கொண்டுவந்த உலர்பழத்தின் விதையிலிருந்து வளர்த்தது" என்று ஒரு மரத்தைக் காட்டினால், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஆண் அத்தி என்று சொல்லிவிட்டேன், இனி குளவிக் கதையைச் சொல்லாமல் தப்ப முடியாது. டீயை ஆறவிடாதீர்கள், இது கொஞ்சம் நீளம்.

அத்திப்பழம் என்று நாம் தின்பது உள்ளே மடிந்த பூங்கொத்து. பூக்கள் எல்லாம் உள்பக்கம், வெளியே அடியில் ஒரு சின்னத் துளை. காற்றோ தேனீயோ உள்ளே போக முடியாது. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி மட்டும், பிளாஸ்டோபாகா என்று பெயர், அந்தத் துளையில் தலையைக் கொடுத்து, இறக்கை பிய்ந்து விழ, உள்ளே நுழையும். ஆண் மரத்தின் காய்க்குள் நுழைந்தால் அங்கே பூவின் தண்டு குட்டை. முட்டையிட முடியும், குஞ்சு பொரியும், அடுத்த தலைமுறை மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியேறும். பெண் மரத்தின் காய்க்குள் நுழைந்துவிட்டால் பூத்தண்டு நீளம், முட்டை வைக்க எட்டாது. மகரந்தத்தைக் கொட்டிவிட்டு அங்கேயே சாகும். நாம் தின்பது இந்தப் பெண் மரத்தின் பழத்தை. கிரேக்கத் தீவுகளில் ஆண் அத்திக் காய்களை நாரில் கோத்துப் பெண் மரத்தின் கிளையில் மாலையாகத் தொங்கவிடும் வழக்கம் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே உண்டு. காரணம் முழுக்கத் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் அத்திப்பழம் அசைவமா? இந்த இடத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். குளவி நுழைந்த பழத்தில், பழத்தின் பாலில் இருக்கும் நொதி அதன் உடம்பைப் பெரும்பாலும் கரைத்துவிடுகிறது. வாயில் மொறுமொறுப்பது குளவி அல்ல, விதை. குளவியே தேவைப்படாமல் தானாகப் பழுக்கும் ரகங்களும் உண்டு, உலகத்து ரகங்களில் பெரும்பாலானவை அவைதாம். சமணர்கள் அத்தியை ஒதுக்கியதற்கு அவர்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் மனசாட்சிப்படி நடந்துகொள்ளலாம். "அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை" என்று நம் ஊரில் சொல்லிவைத்தவர் எதையோ பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆக அத்தி ரகங்களை மூன்றாகப் பிரிக்கலாம். தானாகப் பழுப்பவை ஒன்று. குளவி வந்து மகரந்தம் போட்டால்தான் பழுக்கும், இல்லாவிட்டால் பிஞ்சாகவே உதிரும் என்கிற ஸ்மிர்னா வகை ஒன்று. முதல் பருவக் காய் தானாகப் பழுத்து, இரண்டாம் பருவத்துக்கு மட்டும் குளவி கேட்பவை மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்குத் தாவர நூல்களில் சான் பெத்ரோ என்று பெயர். நம் ஆளின் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புனித பேதுருவின் திருநாள் ஜூன் 29, முதல் பருவம் பழுக்கும் காலம் அது.

இந்தப் பிரிவினை எவ்வளவு முக்கியம் என்பதைக் கலிஃபோர்னியாக்காரர்கள் பாடுபட்டுக் கற்றுக்கொண்டார்கள். 1880களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று துருக்கியிலிருந்து ஸ்மிர்னா அத்திக் குச்சிகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்துச் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. குச்சிகள் வேர் பிடித்தன, மரமாயின, காய்த்தன. காய் முழுக்கப் பிஞ்சிலேயே உதிர்ந்தது. வருஷா வருஷம் இதே கதை. துருக்கிக்காரர்கள் பொறாமையால் மட்டமான ரகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊரே திட்டியது. குளவியின்றிப் பழுக்காது என்று சொன்னவர்களை, கிழவிகளின் மூடநம்பிக்கை என்று கேலி செய்தார்கள். ஃபிரெஸ்னோ நகரத்து ஜார்ஜ் ரோடிங் என்ற பண்ணைக்காரர் விடாமல் முயன்றார். வேளாண் துறையின் வால்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து குளவியோடு கூடிய ஆண் அத்திக் காய்களை அனுப்பிவைத்தார். 1899இல் குளவி நிலைத்தது, காய் பழுத்தது. மரம் சரியாகத்தான் இருந்திருக்கிறது, கூட வரவேண்டியவர் வரவில்லை, அவ்வளவுதான்.

இதை நம் ஆளின் கதையில் பொருத்திப் பாருங்கள். வாசல் அத்தி குளவி கேட்கும் ரகமாக இருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் குளவி இல்லையென்றால், கொள்ளுத்தாத்தா குச்சி கொண்டுபோயிருந்தாலும் பயன் இல்லை. மரம் வளர்ந்திருக்கும், காய் உதிர்ந்திருக்கும், "இந்த மண்ணில் வராது" என்று வெட்டியிருப்பார். குடியேறியவர்களின் கொல்லைகளில் தலைமுறை தாண்டி நிற்பவை எல்லாம் தானாகப் பழுக்கும் ரகங்களாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடல் தாண்டிய பழங்களைத் தேர்ந்தெடுத்தது நாக்கு மட்டும் அல்ல.

இதைவிட நுட்பமான வில்லங்கம் ஒன்று உண்டு. தானாகப் பழுக்கும் ரகத்திலும் குளவி நுழைந்துவிட்டால் பழம் மாறும். பருமன் கூடும், உள்சதை சிவப்பாகும், விதை நெறுநெறுக்கும். மயோர்க்காவில் ஆண் அத்தியும் குளவியும் உண்டு. ஆகவே பாட்டி "உள்ளே ரத்தச் சிவப்பு" என்று சொல்லியிருந்தாலும் அது ஒரு ரகத்தின் குணமா, தீவுக் குளவியின் உபயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதே மரத்தின் அதே குச்சி சான் பெத்ரோவில் வெளிறிய பழம் கொடுத்திருக்கலாம். "அந்த ருசி இங்கே எந்த மரத்திலும் வரவில்லை" என்ற வீட்டுப் பேச்சுக்கு இப்படியும் ஒரு விளக்கம் இருக்கிறது.

சரி, பெயரும் உதவாது, நிறமும் சந்தேகம். பிறகு எதைப் பிடிப்பது? மாதத்தை.

அத்தி இரண்டு முறை காய்க்கும். போன வருஷத்துக் கிளையில் வருவது கோடைத் தொடக்கத்தில் பழுக்கும். தீவுக்காரர்கள் இதைப் பூ அத்தி என்பார்கள். இந்த வருஷத்துத் தளிரில் வருவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து பழுக்கும். எல்லா ரகமும் இரண்டையும் கொடுப்பதில்லை. ஆகவே ஜூனில் பழம் தின்றோம் என்று ஒரு நினைவு இருந்தால் தீவின் ரகங்களில் பெரும்பகுதியை ஒரே அடியில் கழித்துவிடலாம். மழைக்காலம் வரை பழம் இருந்தது என்றால் இன்னொரு பகுதி கழியும். ஆனால் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாட்டி சொன்ன மாதம் எந்த அரைக்கோளத்து மாதம்? தீவின் ஜூன், அர்ஜென்டினாவின் டிசம்பர். "கிறிஸ்துமஸுக்கு அத்தி தின்போம்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தால் அது கொள்ளுத்தாத்தாவின் தீவு நினைவா, அர்ஜென்டினாக் கொல்லையின் நினைவா என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே நகர வேண்டும்.

மாதத்துக்கு அடுத்தபடி, அந்தப் பழத்தை என்ன செய்தார்கள் என்பது. மயோர்க்காவில் அத்தி மனிதனுக்கு மட்டும் விளைந்தது என்று நினைத்தால் தவறு. வயல் வயலாக நின்ற மரங்களின் பழத்தில் பெரும்பங்கு பன்றிக்குப் போனது. தீவின் கறுப்புப் பன்றியை அத்தியும் ஓக் கொட்டையும் வாற்கோதுமையும் போட்டுக் கொழுக்கவைத்து, குளிர்காலத்தில் குடும்பம் கூடி அறுத்து, மிளகாய்த்தூள் பிசைந்த சொப்ரசாதா என்ற தொத்திறைச்சி செய்வார்கள். வருஷத்துக்கான கொழுப்பும் இறைச்சியும் அதுதான். பன்றிக்கான மரத்துக்குக் காய்ப்பு முக்கியம், ருசி அல்ல. உலர்த்துவதற்கென்று வேறு மரங்கள்: நாணல் தட்டியில் பரப்பி வெயிலில் வைத்து, பனி விழும் முன் உள்ளே எடுத்துவைப்பார்கள். அந்த உலர்பழத்தை இடித்து, வாதுமையும் சோம்பும் சேர்த்து அத்தி ரொட்டி என்று அமுக்கி வைப்பதும் உண்டு. பெயர்தான் ரொட்டி, மாவு கிடையாது. பறித்த கையோடு தின்பதற்கான மரம் வீட்டை ஒட்டி நிற்கும். கோல் தெ தாமா என்று நீண்ட கழுத்துள்ள ஒரு ரகம் உண்டு, பழுத்தால் அடித்துளையில் தேன் சொட்டும். அது அப்படித் தின்கிற பழம்.

நம் ஆளின் வீட்டுப் பேச்சில் "வாசலில்" என்று ஒரு சொல் இருந்ததே, அதற்கு இப்போது எடை கூடுகிறது. வாசல் மரத்தைப் பன்றிக்காக யாரும் வளர்க்கமாட்டார்கள்.

மரத்தின் தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்துத் தீவான ஃபோர்மென்தேராவில் காற்று பலம். அங்கே அத்தியை மேலே வளரவிடாமல் பக்கவாட்டில் படரவிட்டு, கிளைக்குக் கிளை மரக்கம்பு முட்டுக்கொடுத்து, பந்தல் மாதிரி ஆக்கிவிடுவார்கள். அடியில் ஆடுகள் படுத்துக்கிடக்கும். சில மரங்களுக்கு ஆளைப் போலத் தனிப்பெயரே உண்டு. ஊருக்குப் போய்வந்த யாராவது அதைப் பார்த்து "குடை அத்தி" என்று ஒரு ரகம் இருப்பதாக நினைத்தால் பாவம், அது வளர்ப்பு முறை. இலையையும் நம்ப வேண்டாம். ஒரே மரத்தில் மூன்று விரல் இலையும் ஐந்து விரல் இலையும் சேர்ந்தே இருக்கும்.

இவ்வளவு குறிப்போடு தீவுக்குப் போனால் யாரைப் பார்ப்பது? 1960களில் சுற்றுலா வந்து தீவின் உழவைப் புரட்டிப்போட்டது. கடற்கரை ஓட்டலில் சம்பளம் கிடைக்கும்போது மரத்துக்கு மரம் ஏறி யார் அத்தி பறிப்பார்? மரங்கள் கவனிப்பாரின்றி விழுந்தன, ரகத்தை அடையாளம் சொல்லும் கிழவர்களும் குறைந்தார்கள். அந்த நேரத்தில் மொன்செராட் போன்ஸ் இ பொஸ்கானா என்கிற மனிதர் ஊர் ஊராகப் போய், மரத்தைப் பார்த்து, சொந்தக்காரரிடம் பெயரைக் கேட்டு, குச்சி வாங்கி வந்து, யூக்மஜோர் ஊரில் சோன் முட் நோ என்ற நிலத்தில் நட ஆரம்பித்தார். 1990களில் தொடங்கியது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன, பல நாடுகளிலிருந்தும் வந்தவை. அவற்றில் பாலியாரிக் தீவுகளின் சொந்த ரகங்களே நூற்றுக்கணக்கில். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி ஆள் வெறி பிடித்துச் செய்தது. இதைச் சொல்லும்போது எனக்கு மரியாதையும் கொஞ்சம் பயமும் சேர்ந்தே வருகிறது, தனி ஆளின் நிலத்தில் இருக்கும் எதுவும் அவர் ஆயுளோடு கட்டுப்பட்டது.

அவருக்கு முன்னும் எழுதிவைத்தவர்கள் உண்டு. ஆஸ்திரிய இளவரசர் லுட்விக் சால்வத்தோர் இந்தத் தீவுகளின் மேல் காதல் கொண்டு குடியேறி, 1869 முதல் 1891 வரை தீவுகளின் பயிர், தொழில், வீடு, உடை என்று எதையும் விடாமல் தடிதடியான தொகுதிகள் வெளியிட்டார். 1910இல் எஸ்தெல்ரிச் என்பவர் ஸ்பெயினின் அத்தி வளர்ப்பு பற்றிப் பால்மா நகரத்திலிருந்து ஒரு நூல் கொண்டுவந்தார். கொள்ளுத்தாத்தா கப்பலேறிய காலத்தில் எந்தப் பெயர் எந்தப் பழத்துக்கு வழங்கியது என்று பார்க்க இப்படிப்பட்ட பழைய நூல்கள் நல்லவை. இன்றைய பெயரைக் கொண்டு நூறு வருஷத்துக்கு முந்தைய நினைவை அளக்கக் கூடாது.

ஸ்பெயின் அரசின் அத்தித் தொகுப்பு எக்ஸ்த்ரமதுராவில், பதஹோஸ் நகரத்துக்கு அருகே லா ஓர்டன் பண்ணையில் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறைக்குக் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஒன்று. இவற்றின் உபயோகம் குச்சி கொடுப்பது மட்டும் அல்ல. ஓர் இலையிலிருந்து மரபணுக் கைரேகை எடுத்து, தொகுப்பில் நிற்கும் மரத்தோடு ஒப்பிட்டால், ஒரே உடம்பா இல்லையா என்பது தெரிந்துவிடும். எந்தக் கிழவரின் ஞாபகமும் வேண்டாம். பெயர்களின் குடுமிப்பிடிச் சண்டை பல இப்படித்தான் தீர்ந்தது.

இப்போது நம் ஆள் உற்சாகமாகிவிடுவார். "அப்படியானால் போய், பிடித்த மரத்தில் நாலு குச்சி வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்." நூறு வருஷத்துக்கு முன் கொள்ளுத்தாத்தா செய்திருக்கலாம். இன்று கூடாது. வாதுமையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அதற்கு இப்போதுதான் வேலை.

2016இல் மயோர்க்காவில் சைலெல்லா என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். மரத்தின் நீர்க்குழாய்களில் குடியேறி அடைத்து, இலை நுனியிலிருந்து கருகவைத்து, மரத்தையே சாகடிக்கும். செடியின் சாறு உறிஞ்சும் நுரைப்பூச்சி அதை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். பிறகு பின்னோக்கி ஆராய்ந்ததில், அது 1993 வாக்கில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த வாதுமை ஒட்டுக்குச்சிகளோடு தீவுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. நல்ல எண்ணத்தோடு யாரோ கொண்டுவந்த குச்சி. இருபது வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் பரவி, வாதுமை மரங்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. அந்தப் பாக்டீரியா தங்கும் மரங்களின் பட்டியலில் அத்தியும் இருக்கிறது. அதனால் தீவிலிருந்து செடியோ குச்சியோ வெளியே போவதற்கு ஐரோப்பியச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடு. வெளியே ஆரோக்கியமாகத் தெரியும் குச்சியிலும் நோய் இருக்கலாம். சான் பெத்ரோவைச் சுற்றிப் பழத்தோட்டங்கள்தான் பிழைப்பு. பாட்டியின் ருசிக்காக அந்த ஊருக்கு நோயை இறக்குமதி செய்வது நியாயமா?

சைலெல்லா இல்லாவிட்டாலும் அத்திக் குச்சிக்குச் சொந்த வியாதி ஒன்று உண்டு. இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக வரும் தேமல் வைரஸ். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் பரப்பும், வெட்டிய குச்சியோடும் கடல் தாண்டும். உலகத்து அத்திகளில் மிகப் பல இதைச் சுமந்துகொண்டுதான் வாழ்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. நோய்ச் சோதனை செய்து, தாவரச் சுகாதாரச் சான்றிதழோடு, அர்ஜென்டினா அரசின் அனுமதியோடு, தனிமைப்படுத்தும் காலத்தைக் கடந்து வருவது ஒரு வழி. பணமும் பொறுமையும் வேண்டும். தீவுக்கு வெளியே நோயில்லாத இடத்தில் ஏற்கெனவே வளரும் அதே ரகத்தை மரபணுக் கைரேகை வைத்து உறுதிசெய்து வாங்குவது இன்னொன்று.

எனக்குத் தோன்றும் வழி வேறு. நம் ஆள் முதலில் தீவுக்குப் போகவே வேண்டாம். சான் பெத்ரோவிலேயே தெருத்தெருவாக நடக்கட்டும். கொள்ளுத்தாத்தா மட்டுமா கப்பலேறினார்? அவர் ஊர்க்காரர்களும் ஏறினார்கள். சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தில், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து உறங்கும் அத்திக்குச்சி ஈரத்துணியில் வாரக்கணக்கில் தாங்கும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒருவர் கொல்லையில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், பெயர் மறந்துபோன ஒரு கிழட்டு மரம் நிற்கக் கூடும். வீட்டுக்காரருக்கு அது வெறும் "கறுப்பு அத்தி". அந்த மரத்தின் இலையைச் சோதனைக்கு அனுப்பித் தீவின் தொகுப்புகளோடு ஒப்பிடலாம். பொருந்தினால் குச்சி கேட்டு வாங்க எந்த எல்லையையும் கடக்க வேண்டியதில்லை. பொருந்தாவிட்டால் அதைவிட விசேஷம், தீவில் தொலைந்துபோன ஒரு ரகமாக அது இருக்கலாம். மயோர்க்காவில் இப்போது இல்லாத மயோர்க்காப் பழம் ஓர் அர்ஜென்டினாக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நிற்பது நடக்காத காரியம் இல்லை.

குச்சி கிடைத்துவிட்டது என்று வையுங்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில், விரல் தடிமனில், சாண் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்ட வேண்டும். மேல் கணு மட்டும் வெளியே தெரிய, தண்ணீர் நிற்காத மணல் கலவையில் நட்டு, இளஞ்சூடான நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம் கொல்கிறார்கள். தளிர் விட்டது என்று மகிழ்ந்து ஊற்றுவார்கள், வேர் இன்னும் வந்திருக்காது, குச்சி அழுகிவிடும். இரண்டாம் மூன்றாம் வருஷத்தில் காய் வரும். இளம் மரத்தின் முதல் காய் பெரும்பாலும் சப்பென்று, தண்ணீர் கோத்து இருக்கும், சில சமயம் நிறம்கூடச் சரியாக வராது. அதைத் தின்றுவிட்டு "பாட்டி சொன்னது இது இல்லை" என்று முடிவுகட்டி வெட்டிப் போட்டவர்கள் நிறையப் பேர். இன்னும் இரண்டு மூன்று கோடை பார்க்க வேண்டும். அதுவரை மரத்தின் பெயர்ப்பலகையில் குச்சி கொடுத்த வீட்டின் தெருப்பெயரை எழுதிவைத்தால் போதும்.